‘வெட்னஸ்டே நைட் வால்ட்ஸ்’ முதலில் யார் கையிலிருந்து வந்தது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயலின் பழகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்க ஃபிடில் மெட்டுகளைத் தொகுத்த புத்தகங்களில் ‘வெட்னஸ்டே நைட் வால்ட்ஸ்’, ‘ஓவர் தி வேவ்ஸ்’, ‘வெஸ்ட்ஃபாலியா வால்ட்ஸ்’ எல்லாவற்றுக்கும் மேலே ‘பாரம்பரியம்’ என்றே போட்டிருக்கிறது. இவை உண்மையில் எவ்வளவு பழையவை? முதல் பதிவு யாருடையது? எதைக் கேட்டுப் பழகுவது? பழைய பதிவை எடுத்து நம் வீடியோவில் போட்டுக்கொள்ளலாமா?

வால்ட்ஸ் என்றால் மூன்றடித் தாளத்தில் ஜோடியாக ஆடும் நடனம், அதற்கான மெட்டும் அதே பெயர்தான். ஃபிடில் என்பது வயலின்தான், நாட்டுப்புற நடனத்துக்கு வாசிக்கும்போது அந்தப் பெயர். இந்த மூன்று வால்ட்ஸ்களுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒன்று இசைத்தட்டு வழியாகப் பரவியது. ஒன்று அச்சுத்தாளில் பிறந்து, கேட்டுக் கேட்டுப் பாரம்பரியமாகிப் போனது. இன்னொன்று வேறு மொழிப் பாட்டொன்றின் மெட்டு, ஊர்ப்பெயர் சூட்டிக்கொண்டு வந்தது. புத்தகம் போடுகிறவர்கள் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனம் என்பது என் அபிப்பிராயம். தேதிகள் கையில் இருக்கின்றன, பெயர்களும் இருக்கின்றன.

‘வெட்னஸ்டே நைட் வால்ட்ஸ்’ பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதில்தான் ஒரு தட்டு செய்த வேலை பளிச்சென்று தெரிகிறது.

1927 ஏப்ரல் 13. இடம் நியூ ஆர்லியன்ஸ். கொலம்பியா நிறுவனத்தின் பதிவுக் குழு அங்கே கூடாரமடித்திருந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் செபாஸ்டபோல் என்ற சின்ன ஊர்ப் பக்கத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஃபிடில் வில் கில்மர், பான்ஜோ-மாண்டலின் ஆர். ஓ. மோஸ்லி, பான்ஜோ ஜிம் வுல்வர்ட்டன், கிட்டார் டல்லாஸ் ஜோன்ஸ். குழுவின் பெயர் லீக் கவுண்டி ரெவலர்ஸ். ஒரு வருடத்துக்கு முன்புதான் குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். அன்று பதிவானவற்றில் இரண்டு வால்ட்ஸ்கள் ஒரே தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன: ஒரு பக்கம் ‘வெட்னஸ்டே நைட் வால்ட்ஸ்’, மறு பக்கம் ‘குட் நைட் வால்ட்ஸ்’. தட்டின் எண் கொலம்பியா 15189-டி.

அந்த எண்ணுக்கே ஒரு கதை உண்டு. கொலம்பியா 1920-களின் நடுவில் தன் தட்டுகளை வாங்குகிறவர்களைப் பார்த்துப் பட்டியல் பிரித்தது. 14000-டி வரிசை கறுப்பின மக்களுக்கு, 15000-டி வரிசை தென்மாநிலத்து வெள்ளையர்களுக்கு. ஒரே ஊரில், சில நேரம் ஒரே நடனத்துக்கு வாசித்தவர்களைக்கூட இந்த எண்கள் பிரித்து வைத்தன. 15000 வரிசையைப் பார்த்துக்கொண்டவர் ஃபிராங்க் வாக்கர். அட்லாண்டா, நியூ ஆர்லியன்ஸ் என்று கருவிகளோடு ஊர் ஊராகப் போய் உள்ளூர்க்காரர்களைப் பதிவு செய்வது அவருடைய முறை. கில்மரும் நண்பர்களும் நியூயார்க் போகவில்லை, நியூயார்க்தான் அவர்கள் பக்கம் வந்தது.

தட்டு சுமார் 2 லட்சம் பிரதி விற்றது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 15000 வரிசையிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. ஒரு தட்டு 75 சென்ட் விற்ற காலம் அது. அதைப் பருத்திக்காட்டுக் குடும்பங்கள் வாங்கின என்றால் சும்மா வாங்கவில்லை. அதுவரை ஃபிடில் தட்டு என்றாலே வேக மெட்டுகள்தான். 1922-இல் எக் ராபர்ட்சன் விக்டர் நிறுவனத்துக்கு வாசித்த ‘சாலி குட்டன்’ போன்றவை வில்லின் வித்தையைக் காட்டுபவை. அதே வருடம் அவரும் ஹென்றி கில்லிலண்டும் இரட்டை ஃபிடிலில் வாசித்த ‘அர்கன்சா டிராவலர்’ இன்னொன்று. அடுத்த வருடம் அட்லாண்டாவில் ஃபிடிலிங் ஜான் கார்சன் ஓகே நிறுவனத்துக்குப் பாடி வாசித்தது நன்றாக விற்றது. அதற்கப்புறம் கம்பெனிகள் எல்லாம் இந்தப் பக்கம் ஓடி வந்தன. ஆனால் வால்ட்ஸ் அவ்வளவு பெரிய சரக்கு என்று 1927 வரை யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை.

ஏன் விற்றது? இரண்டு காரணம் சொல்லலாம்.

முதலாவது நடனம். தென்மாநிலத்து வீட்டு நடனங்களில் பெரும்பகுதி சதுர நடனம். நான்கு ஜோடி சதுரமாக நிற்கும், ஒருவர் சத்தமாகக் கட்டளை சொல்வார், அதற்கேற்ப எல்லோரும் கை மாற்றி, ஆள் மாற்றிச் சுற்றுவார்கள். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கிவிடும். நடுவில் ஒரு வால்ட்ஸ் வந்தால் ஃபிடில்காரரின் கைக்கும் ஓய்வு, ஆடுகிறவர்களின் காலுக்கும் ஓய்வு. அதைவிட முக்கியம், கட்டளை இல்லாமல், மனதுக்குப் பிடித்தவரோடு மட்டும் ஆடக் கிடைக்கும் நேரம் அதுதான். ராத்திரி முடிகிறபோது கடைசியாக ஒரு வால்ட்ஸ் வாசித்து அனுப்பி வைப்பதும் வழக்கம். தட்டின் மறுபக்கத்துப் பெயரைப் பார்த்தாலே அது எதற்கான மெட்டு என்று விளங்கிவிடும். ஒரே தட்டில் நடுவில் வாசிக்க ஒன்று, முடிவில் வாசிக்க ஒன்று. வாங்கியவருக்கு லாபம்தானே.

இரண்டாவது ஒலி. 1925-க்கு முன்பு பதிவு என்றால் ஒரு பெரிய புனலின் வாய்க்கு எதிரே நின்று முடிந்த மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டும். கிட்டாரின் அடித்தந்தி கேட்காது, மெல்லிய வில்வீச்சு பதியாது. மைக் வந்த பிறகுதான் மெதுவான மெட்டுக்கு வாழ்வு வந்தது. வால்ட்ஸில் ஒரு ஸ்வரத்தை நீளமாக இழுத்து, இரண்டு தந்தியைச் சேர்த்துப் பிடித்து, கொஞ்சம் வழுக்கி அடுத்த ஸ்வரத்துக்குப் போவதுதான் அழகு. புனலில் இது சப்பென்று போயிருக்கும். கில்மரின் ஃபிடில் அந்தத் தட்டில் நின்று நிதானமாகப் பாடுகிறது, பின்னால் பான்ஜோவும் கிட்டாரும் ‘தும்-சக்-சக்’ என்று தனித்தனியாகக் கேட்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பதிவில் வேகம் ஒரே சீராக இருக்காது. மெதுவாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று வேகமெடுத்து, மறுபடி பழைய நடைக்குத் திரும்பும். முதல் தடவை கேட்கிறவர் தட்டு கெட்டுப்போயிற்றோ என்று நினைப்பார். வேண்டுமென்றே செய்தது அது. புதிதாகப் பழகுகிறவர்கள் இன்று கேட்கும் பதிவுகளில் பெரும்பாலும் இந்த வேக மாற்றம் இருக்காது. சீரான வால்ட்ஸாக வழவழப்பாக்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய குலுக்கல்தான் பிடித்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் இந்த மெட்டு மற்ற நூறு வால்ட்ஸில் ஒன்றாகிவிடும்.

அடுத்த பதிவுகளுக்கு வருவோம். 1928-இல் மேற்கு வர்ஜீனியாவின் கெஸிங்கர் பிரதர்ஸ் இதே இரண்டு வால்ட்ஸ்களையும் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்கு வாசித்தார்கள். பிரதர்ஸ் என்பது விளம்பரத்துக்காக. கிளார்க் கெஸிங்கர் ஃபிடில், லூச்சஸ் கெஸிங்கர் கிட்டார். லூச்சஸ் அவருக்குத் தம்பி இல்லை, அண்ணன் மகன் முறை. போட்டிக் கம்பெனி அதே ஜோடி மெட்டுகளை எடுத்துக் கையில் கொடுத்தது ஏன் என்று கேட்கத் தேவையில்லை, கொலம்பியா தட்டின் விற்பனை எல்லோர் கண்ணையும் உறுத்தியிருக்கும். கிளார்க் நல்ல பயிற்சியுள்ள கைக்காரர். வில் சுத்தம், சுருதி சுத்தம். கில்மரைக் கேட்டுவிட்டு இவரைக் கேட்டால், மிசிசிப்பிக் களத்துமேட்டிலிருந்து நகரத்து அரங்கத்துக்கு வந்த மாதிரி இருக்கும். பழகுகிறவருக்குக் கிளார்க் சுலபமான வழிகாட்டி, ஏனென்றால் ஸ்வரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஆனால் மெட்டின் குணம் தெரிய கில்மரிடம்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் மிசிசிப்பியின் இன்னொரு குழுவையும் சொல்லாமல் போனால் படம் பாதிதான். மிசிசிப்பி ஷீக்ஸ் கறுப்பினக் குழு. லோனி சாட்மன் ஃபிடில், வால்ட்டர் வின்சன் கிட்டார். ப்ளூஸ் பாட்டுகளுக்குப் பேர்போனவர்கள். அவர்கள் வெள்ளையர் வீட்டு நடனங்களுக்கும் வாசித்துப் பிழைத்தவர்கள், ஆகவே வால்ட்ஸ் அவர்களுக்கு அன்றாடச் சரக்கு. 1930-இல் ‘தி ஷீக் வால்ட்ஸ்’ என்று ஒன்றைப் பதிவு செய்தபோது ஓகே நிறுவனம் அதைத் தன் கறுப்பினப் பட்டியலில் சேர்க்காமல், தென்மாநில வெள்ளையருக்கான பட்டியலில் வெளியிட்டது. வாங்கியவர்களுக்கு வாசித்தது யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்க ஃபிடில் வால்ட்ஸ் என்றால் மலைநாட்டு வெள்ளை விவசாயியின் இசை என்று பலர் மனதில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தை வரைந்ததில் கம்பெனிகளின் எண் வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு.

லீக் கவுண்டி ரெவலர்ஸின் ஓட்டம் நீளமாக இல்லை. கவர்னர் தேர்தலுக்கு நின்ற ஹியூயி லாங்குக்காக லூயிசியானாவில் பிரசார மேடைகளில் வாசித்தார்கள். ஜாக்சன் நகரத்து டபிள்யூஜேடிஎக்ஸ் வானொலியில் வந்தார்கள். 1930-ஓடு அவர்களுடைய பதிவுகள் முடிந்தன. காரணம் அவர்கள் கையில் இல்லை. பொருளாதார வீழ்ச்சியில் தட்டுத் தொழிலே படுத்துவிட்டது. 1927-இல் நாடு முழுக்கப் பத்துக் கோடித் தட்டுக்கு மேல் விற்றதாகவும், 1932-இல் அது சுமார் 60 லட்சத்துக்கு இறங்கியதாகவும் தொழில் வரலாறுகளில் வரும். ரொட்டிக்கே காசில்லாதவர் 75 சென்ட் கொடுத்து வால்ட்ஸ் வாங்கமாட்டார்.

சரி, அந்த மெட்டு 1927-க்கு முன்னால் இருந்ததா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். நடன வீட்டில் வாசித்து வாசித்துப் பழகிய கை அது என்று கேட்டாலே தெரிகிறது, மைக் முன்னால் உட்கார்ந்து அன்று புனைந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் இன்று டெக்சஸிலிருந்து வர்ஜீனியா வரை ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வாசிக்கிறார்கள் என்றால் அதற்கு அந்தத் தட்டுதான் பொறுப்பு. வாய்வழியாக மட்டும் பரவிய மெட்டுகளுக்கு ஊருக்கொரு பெயர், கைக்கொரு வடிவம் இருக்கும். தட்டு வழியாகப் பரவியது அப்படிச் சிதறாது. ஒரு மெட்டு எந்த வழியாக வந்தது என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

‘ஓவர் தி வேவ்ஸ்’ கதை வேறு. அதற்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. மெக்சிகோவின் குவானஹுவாட்டோ மாநிலத்தில், ஓட்டோமி பழங்குடிக் குடும்பத்தில் 1868-இல் பிறந்த ஹுவென்டினோ ரோசாஸ் எழுதிய ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’ அது. அலைகளின் மேலே என்று பொருள். தகப்பனாரோடு தெருவில் வாசித்து வளர்ந்த வயலின்காரர். 1888-இல் மெக்சிகோ நகரத்தின் வாக்னர் இ லெவியன் பதிப்பகம் அதை வெளியிட்டது. இதற்கும் இன்னொரு உருப்படிக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 45 பீசோ என்று சொல்வார்கள். மெட்டு உலகம் சுற்றியது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் வாசித்தார். அடுத்த வருடம் கியூபாவில் சுற்றுப்பயணம் போன இடத்தில் நோய் கண்டு, 26 வயதில் இறந்தார். 1909-இல்தான் அவருடைய எச்சங்களை மெக்சிகோவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்த ஊருக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய மோஸ்தரில் அச்சாகத் தைத்த வால்ட்ஸ் என்பதால் ரொம்பப் பேர் இதை வியன்னாவின் வால்ட்ஸ் இசையமைப்பாளர் ஸ்ட்ராஸ் எழுதியது என்றே நினைத்தார்கள். ஒரு பழங்குடி இளைஞர் வியன்னாக்காரர் மாதிரி எழுதுவார் என்று நம்ப மனசு வரவில்லை போலும்.

அமெரிக்கத் தெற்குக்கு மெக்சிகோ இசை வந்ததில் நியூ ஆர்லியன்ஸுக்குப் பெரிய பங்கு. 1884-85-இல் அங்கே நடந்த பருத்திக் கண்காட்சிக்கு மெக்சிகோவின் எட்டாம் குதிரைப்படை வாத்தியக் குழு வந்து ஊரையே மயக்கியது. ஜூனியஸ் ஹார்ட் என்ற உள்ளூர்ப் பதிப்பாளர் மெக்சிகோ உருப்படிகளை அச்சிட்டு விற்றுக் காசு பார்த்தார். ரோசாஸின் வால்ட்ஸ் அச்சான நேரத்தில் அந்தச் சந்தை தயாராக இருந்தது. அப்புறம் சர்க்கஸில் பார் விளையாட்டுக்காரர்கள் ஊஞ்சலாடுவதற்கும், ராட்டினத்தின் ஆர்கனுக்கும் இதுவே நிரந்தர மெட்டு ஆனது. கிராமத்து ஃபிடில்காரர்கள் நோட்ஸ் பார்த்துப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. சர்க்கஸ் ஊருக்கு வந்தால் போதும்.

ரோசாஸ் எழுதிய அசல் பல பகுதிகளைக் கோத்த ஒரு தொகுப்பு. முன்னுரைப் பகுதி, ஒன்றன்பின் ஒன்றாகச் சில வால்ட்ஸ்கள், முடிவுப் பகுதி. ஃபிடில்காரர்கள் முதல் வால்ட்ஸின் இரண்டு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை உதறிவிட்டார்கள். இது கவனக்குறைவு இல்லை. மூன்று நிமிடத் தட்டுக்கும், விட்ட இடத்திலிருந்து மறுபடி சுழற்றி வாசிக்க வேண்டிய நடனத்துக்கும் அவ்வளவுதான் தேவை. 1929-இல் கெஸிங்கர் பிரதர்ஸ் இதையும் பதிவு செய்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்காரர்கள் இதையே எடுத்துத் தாளத்தை நான்காக மாற்றி வாசித்தார்கள், கிளாரினெட்காரர் ஜார்ஜ் லூயிஸுக்குப் பிடித்தமான உருப்படி. 1951-இல் ‘தி கிரேட் கரூசோ’ படத்தில் பால் ஃபிரான்சிஸ் வெப்ஸ்டர் ஆங்கில வரிகள் எழுத, ‘தி லவ்லியஸ்ட் நைட் ஆஃப் தி இயர்’ ஆகி, மரியோ லான்சா குரலில் தட்டு பெரிய வெற்றி பெற்றது. படத்துக்குள் பாடியவர் ஆன் பிளைத். 1975-இல் வில்லி நெல்சன் தன் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ தொகுப்பில் இதை வாத்திய இசையாக வைத்தார். அந்தத் தொகுப்பைக் கேட்ட எத்தனையோ பேர் பழைய கவ்பாய் மெட்டு என்று நினைத்திருப்பார்கள்.

‘வெஸ்ட்ஃபாலியா வால்ட்ஸ்’ பற்றிச் சுருக்கமாக. வெஸ்ட்ஃபாலியா என்பது டெக்சஸின் ஃபால்ஸ் கவுண்டியில் ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள் குடியேறிய ஊர், பக்கத்துப் பெரிய நகரம் வேக்கோ. வேக்கோவின் லோன் ஸ்டார் பிளேபாய்ஸ் குழுவில் ஃபிடில் வாசித்த காட்டன் காலின்ஸ் 1946-இல் இந்தப் பெயரில் பதிவு செய்தார். ஆனால் மெட்டு ஜெர்மானியம் இல்லை, ‘பித்தாவா ஷே பானி’ என்று தொடங்கும் போலந்துப் பாட்டின் மெட்டு. பெயரை வைத்து ஊரையும், ஊரை வைத்து ஜெர்மனியையும் தேடிப்போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். வேக்கோவில் பிறந்த ஹேங்க் தாம்சன் தன் குழுவோடு 1955-இல் வெளியிட்ட பதிவுதான் இதை நாடெங்கும் கொண்டுபோனது. ஃபிடில் போட்டிகளில் இன்று இதைக் கேட்காத நாள் அரிது.

கேட்க வேண்டிய வரிசை என்று கேட்டால், முதலில் 1927 கில்மர், கேட்ட அன்றைக்கே 1928 கெஸிங்கரும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வில்லைக் கையில் எடுங்கள். நீங்கள் ஏற்கெனவே வயலின் பழகியவர் என்பதால் இடது கைக்குப் பெரிய சிரமம் இருக்காது. வலது கைதான் படுத்தும். மூன்றில் முதல் அடிக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், ஆனால் வெட்டக்கூடாது. ஒவ்வொரு அடிக்கும் வில்லைத் திருப்பினால் ஆடுகிறவர் தடுக்கி விழுவார். ஒரு வீச்சில் மூன்று அடியையும் சேர்த்து இழுத்துப் பழகுங்கள். அடுத்த தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டே வாசித்தால் அந்த இரட்டைக் குரல் தானாக வரும். வேக மாற்றத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், மெட்டு கையில் நிற்பதற்கு முன் அதைத் தொட வேண்டாம்.

உரிமை விஷயம். அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்குப் பாதுகாப்பு 100 ஆண்டு, அது வெளியான ஆண்டிலிருந்து எண்ணி அந்த ஆண்டின் கடைசியில் முடியும். ஆக, 1927 தட்டு 2028 ஜனவரி 1-ஆம் தேதி பொதுவுக்கு வரும். கெஸிங்கரின் 1928 பதிவு அதற்கு மறு வருடம். காலின்ஸின் 1946 தட்டுக்கு 2047 வரை காத்திருக்க வேண்டும். 1947 முதல் 1956 வரையிலானவற்றுக்கு 110 ஆண்டு என்பதால் தாம்சனின் 1955 பதிவு 2066-இல்தான். இது ஒலிப்பதிவுக்கு மட்டும், அதுவும் அமெரிக்கச் சட்டம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுதான் கணக்கு. ஆனால் வீடியோ போடும் தளங்கள் அமெரிக்கக் கம்பெனிகள் என்பதால் புகார் வந்தால் அந்த ஊர்க் கணக்குத்தான் பேசும். ரோசாஸின் மெட்டை நீங்களே வாசித்துப் பதிவு செய்து போட்டால் யாரும் கேட்க முடியாது, 1888-இல் அச்சானது. லான்சா பாடிய ஆங்கில வரிகளை மட்டும் தொடாதீர்கள், அவை இன்னும் உரிமைக்குள் இருக்கின்றன.